இடுப்புத்தொட்டி கடைமடைக்குப் போனது

தண்ணீர் திறந்துவிட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு காலையில், கிளை வாய்க்காலின் தலைப்பில் நாங்கள் பதித்து வைத்திருந்த அளவுத்தொட்டி, பதித்த இடத்திலிருந்து கிளம்பி, வாய்க்காலோடு கீழே வந்து, மேக்காட்டூர் பாலத்துக்கு அப்பால் வளைவில்லாமல் தண்ணீர் ஓடும் ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் தொட்டி அது. அதை இறக்கும்போது கிரேனின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய இடத்தில் உடைசல் இல்லை, இழுத்த தடம் இல்லை. எருமை படுத்தெழுந்த இடம் மாதிரி வாய்க்காலின் அடிமண் வழவழவென்று அமுங்கியிருந்தது, அதன்மேல் தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

நான் அந்த வாய்க்காலில் அளவெடுக்கும் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, எது காணாமல் போனாலும் அது என்னால்தான் போயிருக்கும் என்று முதலில் நம்பிவிட்டு, பிறகுதான் விசாரிக்கிற பழக்கம் எனக்கு. ஆகவே கரையோரமாக ஓடினேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் லஸ்கர் சென்னியப்பன் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தலைப்பில் ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை.

"பதறாதீங்க அம்மணி. தொலஞ்செல்லாம் போகல. நகந்து உக்காந்திருக்குது. நீங்க வெச்சதக் காட்டியும் நல்லாவே உக்காந்திருக்குது."

நான் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. நீளவாக்கில் வைத்தேன், குறுக்கே வைத்தேன், நான்கு மூலையிலும் வைத்தேன். எங்கே வைத்தாலும் குமிழி அசையவில்லை. நாங்கள் பதித்தபோது, உண்மையைச் சொன்னால், அது இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்து, தொட்டி நகர்ந்திருக்கிறது என்றும், யாரும் நகர்த்தவில்லை என்றும், நகர்ந்ததை நான் பார்க்கவில்லை என்றும் மூன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். அந்தப் பக்கம் எடுத்தது எங்கள் மேலதிகாரி சார்.

"சொந்தமாவா போச்சு?"

"ஆமாங்க சார்."

"அப்ப 'இடமாற்றம்'னு எழுதிக்கோங்க. காரணம் கேட்டா 'நிர்வாக நலன் கருதி'ன்னு போட்டுடுங்க."

அந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த தொட்டி அது. வாய் அகலமாக இருக்கும், நடுவில் குறுகும், மறுபடி அகலும். அகலமான வாய்க்குள் தண்ணீர் நிதானமாக நுழையும். குறுகின இடத்துக்கு வந்ததும் அவசரப்பட்டு, வழுக்கி, சரிந்து, அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். இவ்வளவு குறுகலுக்குள் இவ்வளவு தண்ணீர் போயாக வேண்டும் என்பதால், நுழைகிற இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறது என்று பார்த்தாலே மொத்தம் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அதற்காக உள்சுவரில் சிவப்புக் கோடுகள் போட்டு எண் எழுதியிருந்தோம். எங்கள் புத்தகத்தில் அதற்கு ஃப்ளூம் என்று பெயர். வாய்க்காலில் துணி துவைக்க வந்த பெண்கள் முதல் நாளே அதைப் பார்த்துச் சிரித்து இடுப்புத்தொட்டி என்று வைத்த பெயர்தான் நிலைத்தது.

இடுப்புத்தொட்டி மறுநாள் இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தது, அதற்கு அடுத்த நாள் இன்னும் கீழே. ஊர் அதற்காக வேலையை விடவில்லை. வேலையோடு வேலையாக அதையும் சேர்த்துக்கொண்டது. பால் ஊற்றப் போகிறவர்கள் போகிற வழியில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போய் சொசைட்டியில் சொன்னார்கள். சொசைட்டியிலிருந்து சேதி பள்ளிக்கூட வேனில் ஏறி ஊர் ஊராக இறங்கியது. பாலத்தடியில் டீக்கடை வைத்திருந்தவர் அடுப்பையும் பெஞ்சையும் ஒரு தள்ளுவண்டிக்கு மாற்றிக்கொண்டு தொட்டியின் பின்னாலேயே வந்தார். அதற்கு எந்த இடம் பிடிக்கும் என்று ஜனங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. வளைவில் உட்காராது, செடி மண்டிக் கிடந்தால் உட்காராது, கரை சரிந்த இடத்தில் உட்காராது. எனவே விருந்துக்கு உறம்பரை வரப்போகிற வீட்டைப் பெருக்கி மெழுகுவதுபோல அவரவர் எல்லையில் வாய்க்காலைச் சுத்தம் செய்தார்கள். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டார்கள், சரிந்த கரையைக் கட்டினார்கள், பல வருஷங்களாக நீரில் கிடந்த ஒரு கட்டிலைக்கூட யாரோ இழுத்து வெளியே எடுத்தார்கள். எதனால் நகர்கிறது என்று கேட்டவர்கள் சிலர்தான். சிமெண்ட்டில் ஆற்று மணல் கலந்ததால் என்றார் ஒருவர். இருக்கலாம் என்றார்கள் மற்றவர்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள்.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராது என்று கண்டுபிடித்தவர் சென்னியப்பன். ஒருநாள் பொழுது முழுக்க அதன் முன்னால் குந்தியிருந்தார், அசையவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கத் திரும்பினார். திரும்பிப் பார்த்தால் ஒரு மாட்டுவண்டி நீளம் தள்ளிப் போயிருந்தது. ஒரே ஒரு ஜோடிக் கண் போதும், அது கல்லாகிவிடும். எல்லோரும் முதுகைக் காட்டினால் கிளம்பிவிடும். கிளம்பும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்கும். ஆட்டுக்கல்லைச் சுற்றுவது மாதிரி, அவ்வளவு கனமாகவும் அவ்வளவு நிதானமாகவும் இருக்கும். அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று அதைக் காதால் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

காலையும் மாலையும் நான் கோட்டைப் படித்துச் சத்தமாகச் சொல்வேன். முதலில் எனக்காகத்தான் சொன்னேன், தப்பு வரக்கூடாது என்பதற்காக. பிறகு கூட்டம் கூட ஆரம்பித்தது. தலைப்பில் நாற்பது கோடு, பாலத்தில் முப்பத்தொன்பது, அதற்குக் கீழே முப்பத்தைந்து. பாலத்துக்கும் இதற்கும் நடுவில் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. ஆனால் எண் காதில் விழுந்ததும் ஜனங்களே கரையோடு நடந்து பார்த்தார்கள். கோரைக்குள் ஒளிந்திருந்த ரப்பர் குழாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தொட்டி தன் காட்டைத் தாண்டுவதற்குள் தானே குழாயைச் சுருட்டி எடுத்துவிடுவது மரியாதை என்று ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. சுருட்டிய குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "சும்மா கழுவறதுக்கு எடுத்தேனுங்க" என்று சொல்லிக்கொண்டே போனவரைப் பார்த்துக் கரையே சிரித்தது. தொட்டி போகப் போக அதன் பின்னால் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் கடைமடையிலிருந்து பாவாத்தாள் வந்தாள். கரையோடு நடந்தே வந்திருந்தாள். புடவைக் கொசுவத்தில் நெருஞ்சி முள் ஒட்டியிருந்தது. வாய்க்காலின் கடைசியில் குட்டைக்காட்டில் அவளுக்கு இரண்டு ஏக்கர் கடலைக்காடு. கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கடலைச் செடி வைத்திருந்தாள். எனக்கு முன்னால் ஒரு காயை உடைத்துக் காட்டினாள். உள்ளே பருப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீதான் கோடு சொல்ற அம்மணியா? பேரென்ன?"

"நிரோஷாங்க."

"இன்னும் ஒரே ஒரு தண்ணி கட்டுனாப் போதும் நிரோசா, காய் புடிச்சுக்கும். இல்லாட்டி அத்தனையும் பொக்கு. இந்த இடுப்புத்தொட்டி எங்க காட்டுப் பக்கம் வருமா?"

வரும் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தெரியாதுங்க என்றுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு இந்தப் பருவத்துக்குத் தண்ணீர் கிடையாது என்பதையும், அவளுக்கு அது தெரியும் என்று தெரிந்தும், சொன்னேன்.

"கடைமடைக்குத் தண்ணி வராததுக்கு என்ற ராசிதான் காரணம்னு எங்க ஊருல ஒரு பேச்சு," என்றாள் பாவாத்தாள், தொட்டியைப் பார்த்தபடி. "நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து தண்ணி வரலையாமா. அதுக்கு முன்னால வந்துச்சான்னு கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகமில்ல."

செவ்வாய்க்கிழமை தொட்டி நல்லசிவத்தின் தென்னந்தோப்புக்குச் சற்று மேலே வந்து உட்கார்ந்தது. முப்பத்தாறு கோடு. குழாயெல்லாம் எடுத்த பிறகு அவ்வளவு தண்ணீர் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்றார்கள்.

நல்லசிவம் யாரிடமும் ஒளித்து எதையும் செய்கிறவர் இல்லை. வாய்க்கால் வெட்டிய காலத்தில் அவருடைய தாத்தா நிலம் கொடுத்தார். அதற்குப் பதிலாகத் தண்ணீரில் பாதி அந்தக் குடும்பத்துக்கு என்று பேச்சு. தோப்பின் வாயில் வாய்க்காலுக்கு நடுவே ஒரு கருவேலங்குச்சி நட்டு, தண்ணீர் நிற்கும் உயரத்தில் ஒரு வெட்டும், அதில் சரிபாதியில் இன்னொரு வெட்டும் போட்டிருப்பார்கள். தண்ணீர் பாதி வெட்டுக்கு இறங்கும்வரை அவருடைய பெரிய குழாய் திறந்திருக்கும்; அதற்குக் கீழே ஒரு விரற்கடைகூட இறங்க விடமாட்டார். அரைக்குச்சி என்று அதற்குப் பெயர். மேலே நாற்பது குழாயைப் பிடுங்கிய ஜனங்கள்கூட அரைக்குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி என்பது பாதிதானே, அதில் பேச என்ன இருக்கிறது. பாவாத்தாளே அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

ஆனால் நல்லசிவத்துக்குத் தன் தண்ணீரை இன்னொருவர் கோடு படித்துச் சொல்வது பொறுக்கவில்லை.

"என்ற தாத்தன் குடுத்த மண்ணுல ஓடற தண்ணி. அத நடுக்கரையில நின்னு ஏலம் உடற மாதிரி இந்தப் புள்ள கத்துது. என்ற தோப்பத் தாண்டி அந்தத் தொட்டி ஒரு அடி போகக்கூடாது."

போகாமல் இருக்க அவர் செய்தது சுலபமான காரியம். தோப்பில் தேங்காய் உரிக்கிறவர்களைக் கூட்டி வந்து கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வேலை, தொட்டியைப் பார்ப்பது. முறை போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்திருக்குமுன் அடுத்தவர் உட்கார்ந்து கண்ணை நாட்டிவிட வேண்டும். வெயிலுக்குக் குடை, தாகத்துக்கு இளநீர், கண் எரிந்தால் நனைத்த துணி. ஆனால் துணி ஒரு நேரத்தில் ஒரு கண்ணுக்குத்தான். தொட்டி கல்லாய்க் கிடந்தது. சேதி பரவி, கடைமடை ஊர்க்காரர்கள் டெம்போ பிடித்து வந்து இறங்கினார்கள்.

அவர்கள் செய்து பார்க்காதது இல்லை. காவல்காரர்களின் முதுகுக்குப் பின்னால் பறையடித்து ஆடினார்கள். பிரியாணி அண்டாவைத் திறந்து வைத்து வாசனையை அவர்கள் பக்கம் விசிறிவிட்டார்கள். "பாம்பு, பாம்பு!" என்று ஒருவன் கத்தினான்.

"எத்தன அடி?" என்றார் நாற்காலிக்காரர், திரும்பாமலே.

"பெரிய பாம்புங்க!"

"கடிச்சா சொல்லு, திரும்பறேன்."

ஒரு கல்யாண கோஷ்டியே அந்த வழியாக மேளத்தோடு போனது. அது வேண்டுமென்றே வந்ததா, தற்செயலா என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததற்காகக் காவல்காரர் ஒருவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் பிறகு சண்டை வந்தது என்று கேள்விப்பட்டேன். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. பாவாத்தாள் காலையில் ஒரு செடியைக் கொண்டுவருவாள், மாலையில் அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் போவாள். ஒவ்வொரு செடியும் முந்தியதைவிட வாடியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நல்லசிவமே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கடைசி நாள், யாரையும் நம்ப முடியாது என்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, இரண்டு கையும் முழங்கால் மேல். சிற்பி செதுக்கியதுபோல இருந்தார். உண்மையிலேயே இமைப்பதுகூட எப்போதாவதுதான். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம். மேக்காட்டூர்க்காரர்கள், நடுவாய்க்கால்காரர்கள், கடைமடைக்காரர்கள், டீக்கடைத் தள்ளுவண்டி, பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகள் என்று இரண்டு கரையும் கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் தொட்டி இப்போது நகர்ந்துவிடும், இப்போது நகர்ந்துவிடும் என்று வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மணிக்கட்டைத் தொட்டது பாவாத்தாள்தான்.

"நிரோசா. அவரு மட்டுமா பாக்கறாரு? நாம்பளுந்தான பாத்துட்டு நிக்கறோம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று நாளாக அந்தத் தொட்டி கிளம்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அதைக் கண்ணால் கட்டிப் போட்டிருந்தவர்களில் முதல் ஆள் நான். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"எல்லாரும் திரும்புங்க சாமி," என்றாள் பாவாத்தாள். சத்தம் போடவில்லை. "தோப்பப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

முதலில் அவள் திரும்பினாள். பிறகு நான். பிறகு கடைமடைக்காரர்கள், பிறகு, தங்கள் பக்கத்துக் காட்டைப் பார்த்து, அக்கரையில் நின்றவர்கள், பிறகு கண் சிவந்து நின்ற தேங்காய் உரிக்கிறவர்கள்; அவர்கள்தான் எல்லோரையும்விட வேகமாகத் திரும்பினார்கள். பறை நின்றது. தள்ளுவண்டியில் பால் பொங்குகிற சத்தம்கூடக் கேட்டது. அத்தனை முதுகுக்கும் நடுவில் நல்லசிவம் மட்டும் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"என்னத்தப் பாக்கறீங்க எல்லாரும்?"

"உங்க தோப்பத்தானுங்க மாமா," என்றாள் பாவாத்தாள்.

"தோப்புல என்ன?"

"தென்ன மரமுங்க. நல்லாப் பச்சையா இருக்குதுங்க."

"எளநியெல்லாம் பானையாட்டம் தொங்குதுங்க," என்றார் கடைமடைக்காரர் ஒருவர். அவர் கேலி செய்யவில்லை. குரலில் ஆச்சரியம்தான் இருந்தது.

"வரப்புப் பில்லு கூடப் பச்சைங்க மாமா. எங்க ஊருல மாட்டுக்குப் போட அந்தப் பில்லு இல்லீங்க."

"கீழ ஏதோ சளசளன்னு சத்தம் வருதே?" என்றது ஒரு குழந்தை.

"அது தண்ணி ஓடற சத்தம் கண்ணு," என்றாள் அதன் அம்மா. "அங்கயும் ஓடுது."

இத்தனை பேர் தன் தோப்பையே பார்த்துக்கொண்டு நிற்க, தான் மட்டும் பார்க்காமல் இருக்க எந்த மனுஷனால் முடியும். நாற்காலி கிரீச்சிட்டது. நல்லசிவம் திரும்பிவிட்டார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆட்டுக்கல் சுற்ற ஆரம்பித்தது. கனமாக, நிதானமாக, தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு, எங்கள் எல்லோருடைய நிழல்களுக்கும் பின்னால் அது கடந்து போனது. சத்தம் நின்றதும் எல்லோரும் ஒன்றாகத் திரும்பினோம். தோப்பின் வாயைத் தாண்டி, அரைக்குச்சிக்குக் கீழே, இடுப்புத்தொட்டி உட்கார்ந்திருந்தது.

நான் வாய்க்காலுக்குள் இறங்கினேன். சிவப்புக் கோட்டைப் படித்தேன்.

"பதினெட்டு கோடு."

"பாத்தியா!" என்று நல்லசிவம் எழுந்தார். அவருடைய முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. "மேல முப்பத்தாறு, கீழ பதினெட்டு. சரிபாதி. என்ற தாத்தன் காலத்துக் குச்சி ஒரு நூல் பிசகாது. இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?"

கூட்டம் தலையாட்டியது. கடைமடைக்காரர்கள்கூட ஆட்டினார்கள். பாவாத்தாள் மட்டும் என்னைப் பார்த்தாள், ஏனென்றால் நான் இன்னும் தண்ணீரிலிருந்து ஏறவில்லை. பேசாமல் ஏறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கோடு சொல்வதுதான் என் வேலை, சொல்லியாயிற்று.

"பாதி இல்லீங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்திவிட்டேன். "கோடு பாதியானா தண்ணி பாதி இல்லீங்க! மூணுல ஒண்ணுதானுங்க!"

"என்னம்மா உளர்ற? முப்பத்தாறுல பாதி பதினெட்டு."

"ஒசரம் பாதிங்க. தண்ணி ஒசரமா நிக்கும்போது வேகமாவும் ஓடுமுங்க. ஒசரம் கொறைஞ்சா வேகமும் சேந்து கொறையும். ரெண்டும் கொறையறதால மூணுல ஒரு பங்குதான் கீழ போகுது. மூணுல ரெண்டு பங்கு உங்க தோப்புக்குள்ள போகுதுங்க."

பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகளில் ஒருத்தி விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நல்லசிவம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமல், வாய்க்காலில் இறங்கி அரைக்குச்சிக்குப் பக்கத்தில் நின்றார். தண்ணீரில் கையை விட்டு, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, அது ஓடுகிற வேகத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாங்க பாதிதான் எடுத்தோம்," என்றார். எங்களிடம் சொல்லவில்லை. "எங்கப்பனும் பாதின்னுதான் எடுத்தாரு."

"அது எங்களுக்குந் தெரியுமுங்க மாமா," என்றாள் பாவாத்தாள். "நாங்களும் பாதி வருதுன்னுதான் நெனச்சோம். மிச்சத்த என்ற ராசி குடிச்சுப்போட்டுதுன்னு சொன்னாங்க."

அவர் தோப்புக்குள் போனார். சக்கரம் வைத்த பெரிய வால்வு துருப்பிடித்திருந்தது. தேங்காய் உரிக்கிறவர்கள் இருவர் சேர்ந்து பிடித்தும் திரும்பவில்லை, கடைமடைக்காரர்கள் நான்கு பேர் உள்ளே ஓடிப் போய்த் தோள் கொடுத்தார்கள். நான் கோட்டின் முன்னால் குனிந்து நின்றேன்.

"பத்தொம்போது!"

கூட்டம் என் பின்னால் அதைத் திருப்பிச் சொன்னது.

"இருபது! இருபத்தி ரெண்டு!"

கரையில் பிள்ளைகள் குதித்தார்கள். பறை மறுபடி ஆரம்பித்தது. இருபத்தாறு என்றேன், முப்பது என்றேன், முப்பத்தி மூன்று என்றேன். ஒவ்வொரு எண்ணும் என் வாயிலிருந்து கிளம்பி இரண்டு கரையிலும் ஓடி, திருவிழாவில் தேர் வடத்தை இழுக்கிறவர்கள் போடும் குரல்போல, திரும்பி என்னிடமே வந்தது. முப்பத்தைந்தில் நின்றது. வால்வு கசிகிறது, அவ்வளவுதான்.

"மணி ரெண்டாச்சு," என்றார் சென்னியப்பன். "ஆறுக்கு நான் ஷட்டர் போடோணும். குட்டைக்காடு இங்கிருந்து எவ்வளவு தூரம்னு தெரியுமில்ல? நடங்க, நடங்க!" மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு அவர் தலைப்புக்குப் போனார்.

நாங்கள் நடந்தோம். தொட்டிக்கு முன்னால், தண்ணீர் போகும் பக்கமாக முகத்தை வைத்து, இரண்டு கரையிலும், ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்து, அவர்கள் கண்ணைப் பெரியவர்கள் கையால் மூடிக்கொண்டார்கள். "நீங்களும் வாங்க மாமா, எங்க காட்ட நீங்க பாத்ததே இல்லையே" என்று பாவாத்தாள் கூப்பிட்டதில் நல்லசிவமும் வந்தார், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு. பின்னால் ஆட்டுக்கல் சத்தம் எங்களோடு வந்தது. நாங்கள் வேகமாக நடந்தால் வேகமாகவும், யாராவது முள் எடுக்க நின்றால் நின்றும், வளைவுகளில் கொஞ்சம் யோசித்தும் வந்தது. அந்த மூன்றில் ஒரு பங்கு வந்து வற்றிவிடும் இடத்தைத் தாண்டியதும், வாய்க்காலின் வறண்ட அடியில் எங்கள் காலடிக்குப் பக்கத்தில் முதல் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நாக்கு மாதிரி நீண்டு, மண்வெடிப்புகளில் இறங்கி, நிரம்பி, மறுபடி நீண்டது. வெடிப்புகளிலிருந்து கிளம்பிய மண்வாசனையில் சிலர் தும்மினார்கள். அளவுக்காரியான நான் என் அளவுத்தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். அது சாய்ந்திருக்குமோ, விழுந்திருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் என் கால்கள் ஓடாத குறையாகப் போய்க்கொண்டிருந்தன, நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் வந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

குட்டைக்காட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது அது பாவாத்தாளின் மடைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில்.

"இருபத்தொண்ணு கோடு," என்றேன்.

அந்த ஊரில் அதற்கு முன்னால் ஒருவரும் ஒரு எண்ணும் சொன்னதில்லை. இருபத்தொண்ணு, இருபத்தொண்ணு என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பாவாத்தாள் எண்ணைக் கேட்க நிற்கவில்லை. மம்பட்டியோடு இறங்கி மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் முதல் பாத்திக்குள் போனது. கடலைச் செடிகளின் அடியில் சுழன்று, நுரை கட்டி, உள்ளே இறங்கும்போது மண் ஒரு முனகல் முனகியது. அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி. நல்லசிவம் யாரிடமோ ஒரு மம்பட்டி வாங்கி எதிர் வரப்பிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். பொழுது பனைகளுக்குக் கீழே இறங்கியது. ஓடி ஓடி வெட்டியும், காட்டில் பாதிகூட நனையவில்லை. பாவாத்தாள் பொழுதைப் பார்ப்பதும் வெட்டுவதுமாக இருந்தாள். அவசரத்தில் ஒரு வரப்பு உடைந்து, அதைக் காலால் மிதித்து அடைத்தாள்.

என் போன் அடித்தது. சென்னியப்பன்.

"ஆறாச்சு அம்மணி. ஷட்டர்கிட்ட நிக்கறேன்."

"சரிங்கண்ணா," என்றேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்.

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் தலைப்புத் தண்ணீரின் இரைச்சல் கேட்டது.

"போடட்டுமான்னு அந்தக் கடலக்காட்டுப் புள்ளையக் கேளுங்க," என்றார்.

நான் வரப்போடு ஓடினேன். "அக்கா! ஷட்டரப் போடட்டுமான்னு லஸ்கர் அண்ணன் கேக்கறாருங்க."

பாவாத்தாள் நிமிர்ந்தாள். நெற்றி வேர்வையில் சேறு ஒட்டியிருந்தது. "யாரக் கேக்கறாரு?"

"உங்களத்தானுங்க."

"என்னையா?"

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். நல்லசிவமும் மம்பட்டியை ஊன்றி நின்றார். பாவாத்தாள் நனைந்த பாத்திகளைப் பார்த்தாள். நனையாத பாத்திகளைப் பார்த்தாள். வாய்க்கால் வந்த வழியை, அது கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து மறைகிற இடம்வரை, ஒரு தடவை பார்த்தாள்.

"சித்த நேரம் இருக்கச் சொல்லு," என்றாள்.

நான் போனில் சொன்னேன். பிறகு, வேண்டாத காரியம்தான், கரையில் நின்றவர்களும் அதை வாங்கி மேலே நின்றவர்களுக்குச் சொன்னார்கள். சித்த இருக்கச் சொல்லுங்க, இருக்கச் சொல்லுங்க என்று அந்தக் குரல் தண்ணீருக்கு எதிராக வாய்க்காலோடு ஏறிப் போவது கொஞ்ச தூரம்வரை எங்களுக்குக் கேட்டது.

பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மம்பட்டியை எடுத்து, அவசரமே இல்லாமல், அடுத்த பாத்தியின் வாயை வெட்டினாள்.